கிழிக்காத ஜோடி

அன்புள்ள மேகலாவுக்கு,

ஆம்பூரில் வெயில் தணிந்ததா? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எத்தியோப்பியாவில் எனக்குக் குறையொன்றுமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, கையில் சின்னக் கட்டு.

நம் பெண் நிவேதாவின் விண்ணப்பத்தைக் கல்லூரி அடுத்த பட்டியலுக்கு நிறுத்தி வைத்திருப்பதாகப் போனில் சொன்னாயே, அதை சூப்பர்வைசர் சம்பத்திடம் சொன்னேன். கலவை ஊர்க்காரன், நம்ம பக்கத்து ஆள் என்று நம்பித்தான். இங்கே ஃபேக்டரியில் பழுதான ஷூவை முதலில் 'ஹோல்டு' பெட்டியில் போடுவோம். பிறகு, யாரும் வெளியே விற்காதபடி சனிக்கிழமை கத்தியால் கிழித்துவிடுவோம்.

"ஹோல்டுனா இன்னாய்யா? கிழிக்கப்போற சரக்குதானே. பேஜார் பண்ணாம பொண்ணைக் கட்டிக் குடுத்துடு" என்று சிரித்தான்.

பக்கத்தில் கிடந்த இரும்பு ஷூ அச்சை எடுத்து அவன் வாயிலேயே அடித்தேன். இரண்டு பல் விழுந்தது. கீழே தள்ளி வெறுங்கையாலும் குத்தினேன். அதில்தான் என் விரல் பிசகியது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிய்த்தெடுத்தார்கள். ஆள் பற்றாக்குறை என்பதால் வேலை போகவில்லை. தண்டனையாக, கிழிக்கும் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

நேற்று வெறியோடு கிழித்துக்கொண்டே வந்தேன். கடைசியாக ஒரு கறுப்பு ஜோடி, பெண்கள் போடுவது. ஓரத்தில் ஒரே ஒரு தையல் பிசகு. கத்தி இறங்கவில்லை. சட்டைக்குள் மறைத்து அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நிவேதாவைத் திட்டாதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் தன்சீல் பாய் திரும்பும்போது கொஞ்சம் பூண்டு ஊறுகாய் கொடுத்தனுப்பு. அவள் காலைத் தாளில் வைத்துக் கோடு போட்டும் அனுப்பு. என் பெண்ணின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை.

பாய் கிளம்புகிறார், முடிக்கிறேன்.

உன்,
தயாளன்