நாற்பதில் நிறுத்தியது

பதினேழாம் தேதி, மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. உடம்பளவில் நலமாக இருக்கிறேன். நீ, அத்தான், குட்டிப் பயல், அம்மா எல்லோரும் சுகம்தானே?

இந்த உறையில் இரண்டு தாள்கள் இருக்கும். சின்னதாக மடித்திருப்பதை அம்மாவுக்கு வாசித்துக்காட்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், சளி காய்ச்சல் எதுவும் இல்லை, இங்கே எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். இந்த நீளத் தாள் உனக்கு மட்டும். அம்மாவுக்கு எழுத்துதான் தெரியாது, உன் முகத்தை நன்றாகவே வாசிப்பார். அதனால் தனியாக உட்கார்ந்து படி. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்று, நாளை ஊருக்குத் திரும்புகிற நர்ஸ் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த மாதம் இருபத்தாறாம் தேதியோடு எங்கள் மருத்துவ ஊழியம் இங்கே முடிகிறது, அது உனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். என் நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துபோய், புதியது வர இரண்டு வாரம் ஆனது. அதற்குள் காசநோய்ச் சோதனைக்கு வந்த சளி மாதிரிகள் மேசை, ஜன்னல் திட்டு, நாற்காலி என்று எல்லா இடத்திலும் சேர்ந்துவிட்டன. பெரிய டாக்டர் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்ததே தலையாட்டுவதுதானே.

ஒருவருடைய சளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். நீலத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள் தெரிந்தால் நோய் இருக்கிறது. இல்லை என்று எழுதுவதற்கு முன் அந்தக் கண்ணாடியில் நூறு இடங்களை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் பார்க்கக் கூடாது, கண் ஏமாற்றும். படித்ததும் அதுதான், பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியதும் அதுதான்.

நான் ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல் பார்த்தேன். நான்கு நாட்கள். சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்தேன். கடைசி வாரங்களில் என்னை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. நேரம் போதாதபோது, நாற்பது இடம் வரை சுத்தமாக இருந்தால் அதோடு நிறுத்தி "இல்லை" என்று எழுதினேன். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை அக்கா. உழைப்பாகப் பட்டது.

நாங்கள் "இல்லை" என்று எழுதுகிற பத்தில் ஒரு கண்ணாடி வேறொரு மருத்துவமனைக்கு மறுபார்வைக்குப் போகும். போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. உறையை நான்தான் பிரித்தேன். ஒரு எண்ணுக்கு நேராக "இருக்கிறது" என்று எழுதியிருந்தது. அந்தக் கண்ணாடியைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். அறுபத்து மூன்றாவது இடத்தில் மூன்று சிவப்புக் கோடுகள்.

அந்தத் தாளைப் பதிவேட்டுக்குள் செருகிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். இதை எழுதத்தான் கூசுகிறது. இரண்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் குழுவுக்கு நன்றி சொன்னார்கள். பெரிய டாக்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "வாயே திறக்காது இந்தப் பொண்ணு. ஆனா நாலே நாள்ல நூத்தி அறுபத்தி மூணு ஸ்லைடு பார்த்திருக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசைப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். வெளியே வந்ததும், டாக்டர் காரில் ஏறுவதற்குள் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எத்தனை நாள், எத்தனை கண்ணாடி என்று மட்டும் கேட்டார். பிறகு, "முடிக்கணும், முடிக்கணும்னு உன் தலையில ஏத்தினது நான்தான். அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம், ஸ்லைடு பெட்டிய எடு" என்றார். தலைமை நர்ஸ்தான் விடவில்லை. "ஊமையா இருக்கிற பொண்ணு தப்பு பண்ணாதுன்னு நினைச்சேன். நீ தப்பையும் ஊமையாவே பண்ணியிருக்கே" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறேன். நாளைக்கு இருபதுதான், நூறு இடமும். எண்பது முடிந்தது. இன்னும் எண்பத்து மூன்று இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடியிலும் நாற்பதைத் தாண்டும்போது மூச்சு தானாக நின்றுவிடுகிறது.

இதுவரை இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடக் காவலாளி. எங்கள் ஓட்டுநரோடு போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ இல்லைன்னு எழுதினாலும் என் இருமலுக்குப் படிக்கத் தெரியாதே, அது பாட்டுக்கு இருமிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார். அன்றே மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது.

இன்னொருவர் தையல்காரப் பெண். அந்த அறுபத்து மூன்றாவது இடம் அவருடையது. வயது என்னைவிட ஒன்றோ இரண்டோ கூட இருக்கும். கைக்குழந்தைக்கு மூன்று மாதம். காவலாளி வீட்டிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனோம். நான் கதவைத் தட்டியதைப் பார்த்து ஓட்டுநர், "நீ தட்டுற தட்டுக்கு உள்ளே இருக்கிற பூனைகூடத் திரும்பிப் பார்க்காதும்மா, நகரு" என்று அவரே ஓங்கித் தட்டினார். வீடு பூட்டியிருந்தது. அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போயிருப்பதாகவும், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆகும் என்றும் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது, பால் சரியாகக் குடிக்க மாட்டேன் என்கிறது என்றும் சொன்னார். அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன் எண் கிடைத்தது. நேற்று நானே பேசினேன். எழுதிவைத்துக்கொண்டு படித்தேன். அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒண்ணுமில்லைன்னு நீங்கதானே சீட்டு கொடுத்தீங்க? அந்தச் சீட்டைக் காட்டித்தான் எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளேயே விட்டாங்க. பிள்ளையைத் தூக்கினாங்க. இப்ப போன்ல இருக்குன்னு சொல்றீங்க. நான் எதை நம்பட்டும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

நாளை காலை முதல் பஸ்ஸில் போகிறேன். தலைமை நர்ஸ் தானும் வருகிறேன் என்றார். வேண்டாம், முதலில் நான் பேசுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, பேசு. நான் பின்னாடி நிக்கிறேன்" என்றார். அக்கா, பள்ளிக்கூடத்தில், கல்லூரி அலுவலக ஜன்னலில், விடுதியில், எங்கேயும் எனக்காக நீதான் பேசினாய். நான் படிக்க நீ படிப்பை விட்டதுகூட எனக்காகப் பேசியதுபோலத்தான். நாளை அந்த வீட்டில் அந்தப் பெண் இருப்பார், சீட்டை நம்பிக் கதவைத் திறந்துவிட்ட அவர் அம்மா இருப்பார். முதல் வார்த்தை என்னவென்று இன்னும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. என்னை அடிப்பார்களோ என்றல்ல. குழந்தையைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது என்ன தெரியுமோ என்று.

இருபத்தாறாம் தேதி நான் வரமாட்டேன். எல்லாக் கண்ணாடியையும் பார்த்து, நோய் இருப்பவர்கள் எல்லோரும் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கிளம்புவேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். அம்மா தெரு முழுக்கத் தேதி சொல்லி வைத்திருப்பார். வேலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடு. அது உண்மைதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ ஜெபம் பண்ணும்போது என்னைச் சொல்ல வேண்டாம், எனக்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம். அந்தக் குழந்தையைச் சொல். ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பேரும் தெரியாது. மூன்று மாதம் என்று சொன்னால் போதும் அக்கா. தினமும் சொல்.

உன் தங்கை