இலை உதிரும் முன் காட்டுச் சாலையை அளக்க வேண்டி

அனுப்புநர்:
முதுநிலைத் தொழில்நுட்பர்,
சமிக்ஞை அளவைப் பிரிவு,
செயற்கைக்கோள் தொடர்புத் துறை.

பெறுநர்:
விசாரணைக் குழுத் தலைவர் அவர்கள்,
அவசர ஊர்திப் பணிகள்.

பொருள்: காட்டுச் சாலையில் செயற்கைக்கோள் போன் சோதனையைப் பிப்ரவரிக்குத் தள்ளாமல் இந்த வாரமே நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆகஸ்டில் காட்டுச் சாலையில் ஆம்புலன்ஸ் பழுதாகி நின்றதில், பிரசவத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண் இறந்துபோனார். உடனிருந்த செவிலியர் உதவி கேட்டு ஆம்புலன்ஸின் செயற்கைக்கோள் போனில் பதினோரு முறை அழைத்ததாகச் சொல்கிறார். ஓர் அழைப்பும் பதிவாகாததால், அவர் அழைக்கவே இல்லை என்று பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் என் தங்கை. அதை மறைத்து மனு எழுத எனக்கு விருப்பமில்லை.

2. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலையை அளந்தவன் நான். வேன் கூரையில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டு நாற்பது கிலோமீட்டரும் போனேன். மரங்களுக்கடியில் சமிக்ஞை நான்கு டெசிபெல் குறைந்தது. ஏழு குறைந்தாலும் தாங்கும்படி போனை வடிவமைத்தார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் நான் போனது பிப்ரவரியில். மரங்கள் மொட்டையாக நின்றன. ஒதுங்க நிழலில்லாமல் வியர்த்து வழிந்தது நினைவிருக்கிறது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

3. சென்ற ஞாயிறு மீண்டும் போய் அளந்தேன். நனைந்த இலைகளுக்கடியில் பதினைந்து டெசிபெல் குறைகிறது. அழைப்பு செயற்கைக்கோளை எட்டவே இல்லை. எட்டாத அழைப்பு எங்கும் பதிவாகாது. தங்கைக்காக அண்ணன் எடுத்த அளவு செல்லாதென்று தங்கள் அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

4. மழை ஓய்ந்து சாலை காய்ந்த பின், பிப்ரவரியில் சோதிப்பதாகத் தங்கள் கடிதம் சொல்கிறது. ஐயா, அன்றைக்குப் போன் அருமையாக வேலை செய்யும். என் தங்கை பொய்க்காரி ஆகிவிடுவாள்.

5. அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது இது: “அண்ணே, நீ அளந்த ரோடுன்னு நம்பித்தான் திரும்பத் திரும்ப டயல் பண்ணிக்கிட்டே இருந்தேன். எறங்கி ஓடியிருந்தா யாரையாவது கூட்டிட்டு வந்திருப்பேன்.” அதன் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

ஆகவே தங்கள் ஆட்களே, தங்கள் கருவியைக் கொண்டே அளக்கட்டும். நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். என் பழைய அறிக்கை தவறென்று கையெழுத்திட்டுத் தருகிறேன். வேலை போனால் போகட்டும். இந்த வாரமே ஆளனுப்பும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உச்சிக் கிளைகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன.

இடம்: அளவைப் பிரிவுப் பணிமனை
நாள்: நவம்பர் 26

இப்படிக்கு,
(கையெழுத்து)
அந்தச் சாலையை அளந்தவன்

இணைப்பு: ஒரே வளைவில் எடுத்த புகைப்படங்கள் இரண்டு. பிப்ரவரிப் படத்தில் வானம் முழுதும் தெரிகிறது.