பலவீனம் என்ற கட்டம்

3 ஜூன் 2018

அன்பு மகன் லோவலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதித் தரவில்லை. நானே. இந்தக் கோணல் எழுத்து முழுவதும் என் கை எழுத்து. இங்கே நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் அம்மா வெர்னா போன பிறகு நீ எழுதிய பதினான்கு கடிதங்களையும் பிரிக்காமல் அவளுடைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். பதில் வராமல் உனக்குக் கோபம் வந்திருக்கும். பிரித்து யாரிடம் கொடுப்பேன்? வெர்னா இருந்தவரை அவள் படித்தாள், அவளே எழுதினாள். "ஜெயில்ல இருக்கற உம்மவன் என்ன எழுதியிருக்கான் கேளு" என்று ஊரில் இன்னொருத்தன் வாயால் கேட்க என்னால் முடியாது. போனில் பேசலாம் என்றால், நாற்பது வருடம் மரமறுக்கும் மில்லில் நின்ற காது.

அதனால் எழுபத்திரண்டு வயதில் நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ப்ரூயிட் டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்தேன். நேற்று உன் முதல் கடிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. "இருமல் எப்படி இருக்கு அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டு வருடம் தாமதமாகப் பதில்: இருக்கிறது.

மீதி பதின்மூன்றையும் வாரத்துக்கு ஒன்றாகப் படிப்பேன். தீர்ந்துவிடக் கூடாது.

உன் அப்பா,
டெல்பர்ட் ஸ்டைடம்
(கையெழுத்தும் நானே)

21 ஜூன் 2018

அன்புள்ள அப்பாவுக்கு,

உறையைப் பார்த்துக் காவலர் சிரித்தார். "யாருடா இது, உம் பொண்ணா? எத்தனாங் கிளாஸ்?" என்றார். "எங்கப்பா சார். எழுபத்திரண்டாங் கிளாஸ்" என்றேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஒரு நல்ல செய்தி. அக்டோபர் 9 அன்று என்னை முன்கூட்டி விடுவிப்பதா என்று குழு விசாரிக்கப் போகிறது. டயர் கடை வைலி வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தங்க வீடு இருக்கிறது என்று குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். டீச்சரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு வரி போதும்.

இங்கே வேலைக்குத் தயார் செய்யும் வகுப்புக்குப் போகிறேன். கம்பெனி நடத்துகிறவர்கள் செய்வதை நம் வாழ்க்கைக்குச் செய்ய வேண்டுமாம். குறிக்கோளை எழுது, நாள் குறி, ஞாயிறுதோறும் சரிபார். ஒரு தாளை நான்காக மடித்துப் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நிரப்ப வேண்டும். வகுப்பெடுக்கும் ஹேகர் சொல்கிறார்: "பலவீனத்தக் காலியா விட்டவன எவனும் வேலைக்கு வெக்க மாட்டான். பொய்யன்னு உடனே தெரிஞ்சிரும்." ஒரு தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதிப் பழக உதவும்.

உங்கள் மகன்,
லோவல்

12 ஆகஸ்ட் 2018

அன்பு மகனுக்கு,

உன் தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடம் இந்த வீட்டை யாரும் நிர்வகிக்கவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

குறிக்கோள்: அக்டோபருக்குள் உன் அறை தயார். பலம்: சுத்தியல் பிடிக்க இன்னும் கை இருக்கிறது. பலவீனம்: மூச்சு. வாய்ப்பு: வைலி பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றைச் சும்மா தருகிறான். ஆபத்து: டூலி. புது மெத்தையில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. மூன்று ஞாயிறு சரிபார்த்தேன், மூன்றிலும் நாயே ஜெயித்தது.

டீச்சரிடம் தாளைக் காட்டினேன். "டெல்பர்ட், நீங்க அந்த மில்லுக்கே மேனேஜரா இருந்திருக்கலாம்" என்றார். "கதவுல இருந்த போர்டப் படிக்கத் தெரிஞ்சிருந்தா இருந்திருப்பேன்மா" என்றேன்.

டாக்டர் நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். எடுத்தால் போயிற்று.

அப்பா

30 செப்டம்பர் 2018

அன்பு மகன் லோவலுக்கு,

குழுவுக்குக் கடிதம் போய்விட்டது. டீச்சரைக் கேட்கவில்லை. நீயே செய்ய வேண்டிய வேலையை அடுத்தவர் தலையில் கட்டாதே என்று உன் தாளின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறது. ஒன்பது நாள் எழுதினேன். பன்னிரண்டு தாள் வீண். பதின்மூன்றாவதில் ஓர் அடித்தல்கூட இல்லை.

இரண்டு வரி எவனும் எழுதுவான். நான் உன்னை நான்கு கட்டத்தில் போட்டேன். பலத்தில் உன் கைவேலை, அம்மாவின் சவப்பெட்டிக்கு அங்கிருந்தே நீ செய்து அனுப்பிய மரச் சிலுவை. வாய்ப்பில் வைலி, உன் அறை. ஆபத்தில் மதுக்கடை இருக்கும் சாலை. நானே உன்னைக் காரில் வேறு வழியாகக் கூட்டிப்போவேன் என்று எழுதினேன்.

பலவீனத்தைக் காலியாக விடவில்லை. நீ ஜெயிலுக்குப் போவதற்கு முந்தின பனிக்காலத்தில் குடித்துவிட்டு வந்து என்னைப் படியிலிருந்து தள்ளியதையும், என் கை உடைந்ததையும் எழுதினேன். ஆஸ்பத்திரியில் பனியில் வழுக்கிவிட்டது என்றோமே, அதையும். நீ அழுதுகொண்டே வண்டி ஓட்டியதை நான்கு வரி எழுதினேன். நீ அழத் தெரிந்தவன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பொய் சொல்லாத வீடு இது என்று நம்புவார்கள்.

தபால்பெட்டியில் போடும் முன் டூலிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டது.

அப்பா

11 அக்டோபர் 2018

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பரிசோதித்து இன்றுதான் கொடுத்தார்கள். குழுவுக்கு நீங்கள் எழுதியது விசாரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குழுவுக்குத் தலைமை வகித்த அம்மாள் அதை உரக்கப் படித்தார்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் உள்ளே வரக் காரணமான அடிதடிக்கு, அந்த மனிதன் கண்ணைக் கெடுத்ததற்கு முன்னால் யாரையாவது அடித்ததுண்டா என்று எட்டு வருடமாகக் கேட்கிறார்கள். எட்டு வருடமாக இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இது நெசமா? உங்கப்பா இப்பத்தான் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதாப் போட்டிருக்காரு. ஏதாவது தப்பா எழுதிட்டாரா?" என்றார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது. ஆமாம், கிழவருக்கு நினைவு குழம்புகிறது, எழுத்து இன்னும் சரியாக வரவில்லை என்று சொன்னால் போதும்.

பதின்மூன்றாவது தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எழுத்தைப் பார்த்தேன், அப்பா. ஓர் அடித்தல்கூட இல்லை.

"எங்கப்பா எழுதினது ஒவ்வொரு எழுத்தும் நெசம்மா" என்றேன்.

மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

லோவல்

17 பிப்ரவரி 2019

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை நான்கு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாத சொல் ஒன்றும் அதில் இல்லை.

எழுதக் கற்றுக்கொண்டேன். எதை எழுதாமல் விடுவது என்று கற்றுக்கொள்ளவில்லை. அது உன் அம்மாவுக்குத் தெரியும். என் பலவீனக் கட்டத்தில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது.

நெஞ்சுப் படத்தின் தாள் வந்தது. டாக்டர் வாய் திறப்பதற்குள் நானே படித்துவிட்டேன். வெர்னா இருந்தால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்லியிருப்பாள். இதுவோ நேராகவே சொன்னது. இந்தக் கோடையைப் பார்க்க மாட்டேன்.

டீச்சர் அழுதார். நான் அவருக்குத் திட்டத்தைச் சொன்னேன். குறிக்கோள்: 9 அக்டோபர் 2021 வரை உனக்கு அப்பாவிடமிருந்து தபால் வர வேண்டும். மாதம் ஒன்று. தினமும் காலையில் எழுதுகிறேன். இருபத்திரண்டு முடிந்துவிட்டது, பத்து பாக்கி. தேதி போட்டு டீச்சரிடம் கொடுத்துவிடுவேன். அவர் ஒவ்வொன்றாக அனுப்புவார். டூலி வைலியிடம் போகிறது. உன் மெத்தையும் அதோடு போகிறது, மன்னித்துக்கொள்.

நான் எப்போது போனேன் என்று ஜெயிலில் சொல்வார்கள். அதற்குப் பிறகு வருவதையும் பிரி. டப்பாவில் போடாதே.

அப்பா

9 அக்டோபர் 2021

அன்பு மகன் லோவலுக்கு,

இதை எழுதும்போது பிப்ரவரி, வெளியே பனி. நீ படிக்கும்போது இலைகள் சிவந்திருக்கும். அங்கே ஜன்னல் இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை.

இன்று உன்னைக் கூப்பிடுவார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். இது கடைசித் தாள். இதில் இரண்டு அடித்தல் இருக்கிறது.

பயப்படாமல் போ. இந்த முறை நான் குழுவுக்கு எதுவும் எழுதவில்லை.

உன் அப்பா,
டெல்பர்ட் ஸ்டைடம்