பதிவில் இல்லாத ஒரு காலை

ஆடி 3, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. மலையேறும் மெட்டுப் பக்கம் சாரல், மலை தெரியவில்லை. நேற்று ஜீப் ஸ்டாண்டில், முன்பு எங்கள் கம்பெனியில் தரை துடைத்த பேச்சியம்மாளைப் பார்த்தேன். கூட்டத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மனம் ஒரு நிலையில் இல்லை. முறையாக எழுதிவிட்டால் தெளியுமோ என்னவோ. எழுத வேண்டியவை:

1. கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டருக்குள் ஒரு கண்காணிப்புச் சில்லு இருக்கிறது. சூடு, ஃபேன் வேகம், மின்சாரம் மூன்றையும் அளக்கும். எல்லை மீறினால் நேரத்தோடு பதிவு போடும். சர்வர் நின்றாலும் அது விழித்திருக்கும்.
2. பதிவு நிரம்பினால் பழையது தானே அழிந்து புதியதற்கு இடம் விடும். கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியில் நடப்பது போல.
3. ஆகவே, பதிவில் இல்லாதது நடக்கவில்லை.
4. பேச்சியம்மாள்.

நாலாவதற்கு மேல் ஓடவில்லை. பிரஷர் மாத்திரை போட்டேனா? நினைவில்லை.

ஆடி 4, சனி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் வேலையிலிருந்து ஓய்வு. அதன்பின் ஆறு வருடமாக இந்த ஏலக்காய்க் கம்பெனியின் சர்வர் அறை என் பொறுப்பு. வைகாசிக் கடைசியில் ஒரு காலை சர்வர் நின்றது. பில் போட முடியாமல் அரை நாள் லாரியில் லோடு ஏற்ற முடியவில்லை. அப்போது அறையில் இருந்தது தரை துடைக்க வந்த பேச்சியம்மாள் மட்டும்.

மறுபடி போட்டதும் எல்லா ஃபேனும் ஓடின. பதிவைத் திறந்து பார்த்தேன். சூடு ஏறியதாக இல்லை, ஃபேன் நின்றதாகவும் இல்லை. "பிளக் அசைஞ்சிருக்கலாம்" என்றேன் மேனேஜரிடம். 'லாம்' என்றுதான் சொன்னேன்.

மேனேஜர் அவளிடம்: "மிஷினே சொல்லுதாம்ல. இன்னும் என்ன ஆத்தா பேச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். "நான் புடுங்குனேன்னு அதுல எழுதியிருக்கா சார்? அதையுஞ் சேத்துப் படிச்சுச் சொல்லுங்க."

"கரண்ட் போனா அதால எழுத முடியாதும்மா."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள். அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று.

அவள் கேட்டது சரியான கேள்வி. பிளக்கைப் பிடுங்கியிருந்தால், மின்சாரம் திரும்பியதும் சில்லு அதையும் எழுதியிருக்கும். நான் முப்பது வருடம் பாடம் எடுத்தவன்.

ஆடி 6, திங்கள்

காலை பதினொன்று. என் கண்ணெதிரே மூன்றாவது ஃபேன் நின்றது. மஞ்சள் விளக்கு. திரையில் வேகம் பூஜ்யம், சூடு ஏறுகிறது. பதிவைத் திறந்தேன். ஒன்றுமில்லை. மூன்று தடவை பார்த்தேன்.

கடைசி வரி சித்திரையில்: 'பதிவேடு நிரம்பியது'. அப்போதே படித்த வரிதான். பழையது அழியும் என்று இருந்துவிட்டேன்.

கையேட்டில் அந்த அத்தியாயத்தை இன்றுதான் படித்தேன். நிரம்பிவிட்டால், யாராவது அழிக்கும்வரை இந்தச் சில்லு எதையும் எழுதாது. வைகாசியில் நின்றதும் இதே ஃபேனாக இருக்கலாம்.

ஆறு வருடத்தில் ஒரு முறைகூட நான் அழித்ததில்லை. பதிவை அழிப்பது தப்பு என்ற பயம். மாதாமாதம் நோட்டில் எடுத்து எழுதுவேன், தலைப்புக்குச் சிவப்பு மை. வைகாசிப் பக்கத்தில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

ஈஸ்வரி துடைக்க வந்தாள். இப்போது அந்த வேலை இவளுக்கு. பேச்சியம்மாளின் தம்பி மனைவி.

"என்ன சார், ஏசி ஓடுது, உங்களுக்கு வேர்த்து ஊத்துது?"

பேச்சியம்மாளைப் பற்றிக் கேட்டேன்.

"மதினியா? ஏலக்கா எடுக்க மலைக்குப் போகுது. ஜீப்புல புளிமூட்டையாட்டம் அடைக்கிறாங்க. முழங்கால் வலின்னு ராவெல்லாம் அனத்தும். விடிஞ்சா மொத ஆளா நிக்கும்."

ஆடி 7, செவ்வாய்

குளியலறையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போய், பதிவு நிரம்பி நின்றிருந்ததை மேனேஜரிடம் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"அத அழிச்சுவிட்டு ஃபேன மாத்துங்க சார். பழச எதுக்குக் கிண்டிக்கிட்டு? வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"சரி" என்றேன்.

கடைசி வரியை மட்டும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு அழித்தேன். புது ஃபேனை மாட்டி, சோதிக்க அதன் வயரை உருவினேன். சில நொடியில் முதல் வரி வந்தது: 'ஃபேன் 3 நின்றது'. அவ்வளவு சுலபம்.

பேச்சியம்மாளிடம் நேரில் சொல்ல வேண்டும். ஞாயிறு போகலாம், வீட்டில் இருப்பாள். வாங்க வேண்டியது: ஆரஞ்சு, ரொட்டி.

ஆடி 9, வியாழன்

மழை. பஸ் தாமதம். ஈஸ்வரி மதியம்தான் வந்தாள், கண் வீங்கியிருந்தது.

நேற்று சரிவில் வழுக்கிக் கூடையோடு விழுந்தாளாம் பேச்சியம்மாள். இடுப்பெலும்பு. மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஜீப்பிலேயே படுக்கவைத்து இறக்கியிருக்கிறார்கள்.

"இனி நடக்குறது செரமம்ங்கிறாங்க சார். அந்த வலியிலயும் உங்களத்தான் கேக்குது. 'சார்ட்ட கேளுடி, நான் புடுங்குனேன்னு அதுல இருந்துச்சான்னு' அப்படிங்குது."

"இல்ல" என்றேன். மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. உரக்கச் சொன்னேன். "இல்ல ஈஸ்வரி. அதுல எதுவுமே இல்ல. அது எழுதுறத நிறுத்தி ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. நான் பாக்கல. போய்ச் சொல்லு."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா மலைக்கே போயிருக்காதே சார்."

வெள்ளிக்கிழமை எழுதியதில் இரண்டாவது வரி தவறு. பழையது அழியாது. புதியதுதான் எழுதப்படாமல் போகும்.