மேல் கிட்டார், கீழ் கிட்டார்

கிட்டார் பெடலின் பொத்தானைச் சுற்றி ஒட்டியிருந்த சேற்றை இன்று காலையில்தான் பழைய பிரஷ்ஷால் சுரண்டினேன். உன் மகளின் கல்யாணத்தன்று என் செருப்போடு வந்த சேறு. காய்ந்து கல்லாகிவிட்டது. இந்தப் பெட்டியை நீ பார்த்ததில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, பெயர் ஹார்மனைசர். இதைக் காலால் மிதித்துவிட்டு ஒரு கிட்டாரை வாசித்தால் இரண்டு கிட்டார் கேட்கும். அதாவது, உனக்குப் பதிலாக நான் வாங்கிய சாமான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து நீ கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீ தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டினாய். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். சனி ஞாயிறுகளில் இரண்டு பேரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பசறை, பண்டாரவளை, பெரகல என்று கல்யாண வீடு கல்யாண வீடாகப் போனோம். பெண் மண்டபத்துக்குள் வரும்போது வாசிப்பதற்கென்று நாமே ஒரு மெட்டுக் கட்டினோம். பாட்டு வரிகள் கிடையாது, இரண்டு கிட்டார் மட்டும். நான் மேலே, நீ கீழே. அது எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நீ சொல்லும் விளக்கம் இது: "அவரு ஒரு காம்பராவுல நிப்பாரு. நான் பக்கத்து காம்பராவ விட்டுட்டு அடுத்த காம்பராவுல நிப்பேன்." தோட்டத்து லயத்தின் வரிசை அறைகளை வைத்து நீ சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இந்தப் பெட்டியும் அதைத்தான் செய்கிறது. ஆனால் வாசிக்கும் முன் எந்தச் சுருதி, மேஜரா மைனரா என்று அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். நீயும் பாட்டுக்காரர்களிடம் அதையேதான் உன் பாணியில் கேட்பாய், சிரிக்கிற பாட்டா அழுவுற பாட்டா என்று.

மேடையில் அறிவிப்பவர் என்னை லீட் கிட்டார் என்பார், உன்னை செகண்ட் கிட்டார் என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. மெட்டு என்னுடையது, நீ அதற்குத் துணைக்கு வருகிறவன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடுவில் இரண்டு இடங்களில் நான் விறுவிறுவென்று மேலே ஏறுவேன். நீ ஏறாமல் ஒரே சுரத்தில் நின்றுவிடுவாய். உனக்குக் கை எட்டவில்லை என்று நினைத்து, கூட வரச் சொல்லி எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். நீ சிரிப்பாய். "நீ போய்ட்டு வா மாஸ்டர், நான் இங்கயே இருக்கேன்" என்பாய்.

பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டே நாள் இருந்துவிட்டு நீ போய்விட்டாய். என் கிட்டார் அலுமாரிக்கு மேலே போனது. கல்யாணங்களுக்குக் கூப்பிட்டவர்களிடம் முடியாது என்றே சொல்லிவந்தேன், பிறகு அவர்கள் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

இந்த வருஷம் உன் மகள் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளை மொனராகலைப் பக்கம், நல்ல பையனாகத் தெரிகிறார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் உள்ள வரும்போது அப்பா பாட்டு வேணும் மாமா. ரெண்டு கிட்டாரும் கேக்கணும்." அப்பா பாட்டு என்று அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. பாதிக்கு மேல் என்னுடையது அல்லவா. இருந்தாலும் சரி என்றேன். பண்டாரவளையில் நன்றாக வாசிக்கிற ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள் என்றாள் என் மனைவி. உன் நாற்காலியில் இன்னொரு ஆளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கு நாற்காலி தேவையில்லை. கொழும்பிலிருந்து வரவழைத்தேன்.

என் பகுதியை நான் வாசித்தேன். ஒரு காம்பரா விட்டுக் கீழே வாசி என்று பெட்டிக்குச் சொல்லிவைத்தேன். பிசகே இல்லை. நான் ஏறிய இடத்தில் அதுவும் ஏறியது. உன்னிடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது கிடைத்துவிட்டதென்று, மன்னித்துக்கொள், சந்தோஷப்பட்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது உன் மகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ஆனா இது அந்தப் பாட்டு இல்லையே மாமா" என்றாள். வகுப்பில் வரும் கோபம் எனக்கு வந்துவிட்டது. இதுதான் மெட்டு, இது அதன் கீழ்ச்சுரம் என்று ஒவ்வொன்றாக வாசித்து விளக்கினேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அப்பா வீட்டில் வாசிப்பது இப்படி என்று, வாயை மூடிக்கொண்டு முனகிக் காட்டினாள்.

அவள் முனகியது உன் பகுதி. வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகும்போது வேறு எதை வாசித்திருப்பாய்? தொட்டிலிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றைத்தான். அவளுக்கு அதுதான் மெட்டு. நான் வாசித்தது மேலே ஓடுகிற ஏதோ ஒன்று. அந்த இரண்டு இடங்களிலும் அவள் ஏறவில்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு தீரும்வரை நின்றாள். அவள் நிற்க, நான் என் ஏற்றத்தை வாசித்துப் பார்த்தேன். நீ நின்றதால்தான் நான் ஏறியது ஏற்றமாகக் கேட்டிருக்கிறது. பெட்டியைப் போலக் கூடவே ஏறியிருந்தால் அது வெறும் ஓட்டம். இருபது வருஷம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் உன்னை நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. இன்னொரு தடவை பாடச் சொன்னேன். மூன்று தடவை பாடினாள், எழுதிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு இருப்பது ஒரு கிட்டார். உன் பகுதியை நான் வாசித்தால் என்னுடையதைப் பெட்டி வாசிக்க வேண்டும். அது என்னைப் பின்தொடர மட்டுமே தெரிந்த பெட்டி. நான் நின்றால் அதுவும் மேலே நின்றுவிடும். என் ஏற்றம் இரண்டும் போய்விடும். கல்யாண வீடுகளில் ஆட்கள் கை தட்டியது அந்த இரண்டு இடங்களுக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். இரண்டு விதமாகவும் பழகி வைத்துக்கொண்டு, எதை வாசிப்பதென்று கல்யாணத்தன்று காலைவரை முடிவு செய்யாமலே இருந்தேன்.

தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். விடாத மழை. உன் மகள் வாசலுக்கு வந்தபோது பக்கத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா குடை பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் யோசனை முடிந்தது. பெடலை மிதித்து, உன் பகுதியைத் தொடங்கினேன். மேலே பெட்டி வந்தது. முதல் இடத்தில் விரல் மேலே போகத் துடித்தது. நின்றேன். குனிந்து நடந்துவந்தவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். இரண்டாவது இடத்திலும் நின்றேன்.

சாப்பாட்டின்போது பழைய ஆட்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியே அந்தக் காலத்து வாசிப்பு என்றார் கல்யாண வீடுகளில் நமக்கு டிரம்ஸ் அடித்தவர். நான் ஏறாததை அவர் கவனிக்கவில்லை. ஒருவருமே கவனிக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வலித்தது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. மொனராகலைக்கு வேன் ஏறும்போது உன் மகள் என் கையைப் பிடித்து, "கீழ வாசிச்சது மெஷின் இல்ல மாமா, நீங்க" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று என் பகுதியை ஒரு தடவை வாசிக்கலாம் என்று பெட்டி இல்லாமல் உட்கார்ந்தேன். ஏற வேண்டிய இடம் வந்தது. விரல் ஏறவில்லை. தானாகக் கீழே போய் உன் சுரத்தில் நின்றுகொண்டது. நான் அதைத் திருத்தவில்லை.