ஏழாம் அத்தியாயத்துப் பெண்

பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வாலு எழுதுவது. நான் நலம். நீங்களும் தாத்தாவும் நலமா? போன மாதம் இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதிலைக் காணோம். "போன்ல பேசிக்கிட்டே இருந்தா தமிழ் மறந்துடும், கடுதாசி எழுது" என்று பத்து வயதில் என்னைப் பிடித்து உட்காரவைத்தவர் நீங்கள். இப்போது என் எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பக்கூட உங்களுக்கு மனசில்லையா?

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். நாவல் ஜூன் மாதம் வெளிவருகிறது! அட்டை தயாராகிவிட்டது. ஒரு பெரிய மேசை. அதற்கு முன்னால் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் அப்பா. யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?

தாத்தா இந்த நாட்டுக்கு வந்து இறங்கியது, அப்பா வளர்ந்தது, நான் பிறந்தது என்று மூன்று தலைமுறைக் கதைதான். ஆனாலும் ஏழாம் அத்தியாயம்தான் நாவலுக்கே உயிர் என்கிறார் பதிப்பாசிரியர் அம்மா. பிஸ்கட் தொழிற்சாலையில் தாத்தாவின் விரல்கள் இயந்திரத்தில் மாட்டியது, விசாரணை அறையில் பதினாலு வயது அத்தை அவருக்காக மொழிபெயர்த்து வாதாடியது. தாத்தா எனக்கு நூறு தடவை சொன்ன கதை. "சிங்கம் மாதிரி பேசுனா உங்க அத்தை. அவனுங்கதான் காது குடுக்கல." அப்படியே எழுதிவிட்டேன்.

பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் படிக்கப்போகிற புத்தகம் இது. அப்பா அம்மாவுக்காக பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் நின்று பேசுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு உங்களைக் காட்ட வேண்டும்.

ஒரே ஒரு உதவி. அந்த அறையில் நீங்கள் சொன்னது என்ன? தாத்தாவுக்கு அந்த மொழி புரியாததால் அவரால் சொல்ல முடியவில்லை. நானே இட்டுக்கட்டி எழுதியிருக்கிறேன். உண்மையானதைப் போட ஆசை.

உடனே பதில் போடாவிட்டால் கிளம்பி நேரிலேயே வந்துவிடுவேன்.

உங்கள் செல்ல வாலு


பிப்ரவரி 19

என் வாலுக்கு,

ஆசிகள். உன் இரண்டு கடிதங்களும் வந்தன, இதுவும் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். இந்த வாரம் மட்டும் நாற்பது நோயாளிகளுக்கு மொழிபெயர்த்தேன். தொண்டை கட்டிக்கொண்டது.

உன் தாத்தா நலம். உன் புத்தகம் என்றால் போதும், எண்பத்து மூன்று வயது என்பதே அவருக்கு மறந்துபோகிறது. முடிவெட்டுகிறவரிடம் சொல்லியாகிவிட்டது, கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. தமிழே படிக்கத் தெரியாதவர், இந்த நாட்டு மொழிப் புத்தகத்தை எங்கே படிக்க? அதனால் என்னிடம், "நீதான் எனக்கு வரி வரியா தமிழ்ல சொல்லணும். ஏழாவதை மட்டும் ரெண்டு தடவை" என்கிறார்.

நீ கேட்டது நினைவில்லை. நாற்பது வருஷம் ஆயிற்று.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட முடியுமா? தாத்தாவைப் பற்றி எழுத வேறு எவ்வளவோ இருக்கிறதே.

மூன்று பிழைகளைத் திருத்தி உன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். 'இயந்திரம்' சரியாக எழுதியிருக்கிறாய்.

அத்தை


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. அடக்கத்துக்கும் ஒரு அளவு உண்டு. எல்லாரையும் அச்சில் ஏற்றலாம், உங்களை மட்டும் ஏற்றக் கூடாதா?

ஏழாம் அத்தியாயத்தை எடுத்தால் நாவல் முதுகெலும்பில்லாமல் விழுந்துவிடும். மாதக் கடைசியில் எல்லாம் அச்சுக்குப் போகிறது. அதோடு, புத்தகத்தை உங்களுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறேன். ரகசியமாக வைத்திருந்தேன், போட்டு உடைக்க வைத்துவிட்டீர்கள்.

வெளியீட்டு விழாவுக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். தாத்தாவும் வருவாரா என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். அவருக்கு அவ்வளவு தூரம் பயணம் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

கோபம் தீராத,
வாலு


மார்ச் 9

என் கண்ணுக்கு,

இதைப் போனில் சொல்ல முடியாது. நீ கூப்பிட்டால் உன் தாத்தா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஆஸ்பத்திரி சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நினைவில்லை என்று எழுதினேனே, அது பொய். ஒரு நாள்கூட மறந்ததில்லை.

நாங்கள் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு விபத்து நடந்த மறு வாரம் விசாரணை. பள்ளிக்கூட உடுப்போடு என்னைக் கூட்டிப் போனார். அந்த அறையில் மேலாளர் இருந்தார். தட்டச்சு செய்ய ஒரு அம்மாள் இருந்தாள். அவள் என் வகுப்புத் தோழியின் அம்மா. என்னைப் பார்த்ததும் தெரிந்தவள் மாதிரி சிரித்தாள்.

கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, அந்த உடுப்பிலேயே வந்திருந்தார். காதோரமெல்லாம் மாவு. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நல்ல கையால் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினார். "சொல்லும்மா! மெஷினோட மூடியைக் கழட்டச் சொன்னது சூப்பர்வைசர். ஆபத்துன்னு மூணு தடவை சொன்னேன். கூட நின்னவன் சாட்சி. சொல்லு!" எச்சில் தெறித்தது. அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். நாளைக்கு இது வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தது அது ஒன்றைத்தான். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மேலாளர் என்னிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

நான் சொன்னதை எழுதுகிறேன். நீ கேட்டாயே, இதுதான்: "தப்பு தன்னுடையதுதான் என்கிறார்."

அவ்வளவுதான். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். "கையெழுத்துப் போடுங்கப்பா" என்றேன். போட்டார். வேலை போயிற்று.

வெளியே வந்ததும், "எல்லாத்தையும் சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

"சொன்னேன்ப்பா."

"அப்ப அவனுங்க பண்ணது அநியாயம். உன் மேல ஒரு குறையும் இல்ல" என்று தலையைத் தடவினார். அன்று ஆரம்பித்ததுதான் அந்தச் சிங்கக் கதை. அவர் சொல்லும்போதெல்லாம் நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விடுவேன். நீ பார்த்திருப்பாய்.

அடுத்த மாதம் உன் அப்பா படிப்பை நிறுத்திவிட்டு லாரியில் மூட்டை ஏற்றப் போனார். வகுப்பில் முதல் மாணவர். இன்றைக்கும் அந்த லாரிதான். நான் படித்தேன். 'தங்கச்சி படிக்கட்டும்' என்று சொன்னதே அவர்தான்.

இந்த அத்தியாயத்தை வரி வரியாக நானே அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்கிறார். ஒரு தடவை மாற்றிச் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவையும் சொல்ல என் நாக்கு எழாது. காணிக்கைப் பக்கத்தையும் கிழித்துப் போடு.

இனி உன்னை எப்படிப் பார்ப்பேனோ தெரியவில்லை.

அத்தை


மார்ச் 15

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாளாகப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அப்பாவின் கைகள்தான் கண்முன் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் பாடப்புத்தகங்களை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்ததில்லை.

உங்களைத் திட்டித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். போன கடிதத்தில், தாத்தாவுக்குப் பயணம் ஆகாது என்று சொல்லிவிட்டதாக எழுதினேன் இல்லையா? அதுவும் பொய்தான். அவர் தினமும் இரண்டு மைல் நடக்கிறவர். விழாவில் பெரிய பெரிய ஆட்கள் இருப்பார்கள். தாத்தா வந்தால் கூட்டத்துக்கு நடுவில் தமிழில் கத்திக் கூப்பிடுவார், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைத்துத்தான் அவர் பெயரைத் தவிர்த்தேன். அவரைப் பற்றி ஒரு நாவலே எழுதியவள் நான். எனக்கு இருபத்தாறு வயது. உங்களுக்குப் பதினாலு.

அத்தியாயத்தை எடுக்க மாட்டேன். நடந்தபடி திருப்பி எழுதப்போகிறேன். இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் தாத்தாவுக்கு இது புத்தகத்திலிருந்து தெரியக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

காணிக்கைப் பக்கம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டுமா என்று தெரியவில்லை.

வாலு


மார்ச் 25

என் கண்ணுக்கு,

சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை. நடக்கப் போவதற்காக அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, உனக்கு எழுதியதைப் போலவே சொன்னேன். கயிற்றைக் கட்டுவதை நிறுத்தினார்.

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சுப்பா."

"எதுக்கு வெட்கம்?"

"நீங்க கத்திப் பேசுனீங்க."

கயிற்றைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "மூணு வருஷம் மெஷின் பக்கத்துலயே நின்னேன். காது அப்பவே மந்தம். வேலையை விட்டு எடுத்துடுவான்னு யார்கிட்டயும் சொல்லல. அதான் சத்தம்" என்றார். மிச்சக் கயிற்றைக் கட்டிக்கொண்டு போனார். மதியம் வரை திரும்பவில்லை.

மூன்று நாள் பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், கழுவி வைத்தார், அறைக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஞாயிறு காலை சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தார். "எதிர்ல உக்காரு. அன்னைக்கு நான் சொன்னதை இப்ப சொல்றேன். நீ அவங்க மொழியில சொல்லு."

ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவார். நான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. நோயாளி 'எனக்கு வலிக்கிறது' என்றால், 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். மூடியைக் கழற்றச் சொன்னார்கள். ஆபத்து என்று நான் மூன்று தடவை சொன்னேன். எனக்குச் சாட்சி உண்டு. நான் பொய் சொல்கிறவன் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். நான் என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

முடித்ததும், "இவ்வளவு நேரம் ஆகுமா இதைச் சொல்ல?" என்றார்.

"ஆகும்ப்பா."

"அன்னைக்கு நீ ஒத்த வரிதான் பேசுன. அந்தப் பாஷை ரொம்பச் சுருக்கமான பாஷை போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அழுதேன். அவர் எழுந்து வரவில்லை, தலையைத் தடவவில்லை. நான் அழுது முடிக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு, "நடந்ததையே போடச் சொல்லு. சின்னப் பிள்ளைங்க படிக்கிறது" என்றார். "அண்ணன்கிட்ட எப்ப சொல்லப்போற?" என்றும் கேட்டார். உன் அப்பாவுக்கு எழுதிவிட்டேன். நேற்றுத் தபாலில் போட்டேன். உன் தாத்தாவிடம் சொன்னதைவிட அதுதான் கடினமாக இருந்தது. என்ன பதில் வருமோ, வருமோ வராதோ.

விழாவைப் பற்றி நீ எழுதியதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவராகவே இன்று காலை கேட்டார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை விடவில்லை:

"விழா எங்கன்னு கேட்டு எழுது. நான் வருவேன். பிள்ளை பேரை மேடையில கூப்பிட்டா எனக்குச் சும்மா இருக்க வராது. சத்தமாத்தான் பேசுவேன், தமிழ்லதான் பேசுவேன். அவளுக்குப் பரவாயில்லையான்னு கேளு. பரவாயில்லன்னா மட்டும் வர்றேன்."

பதிலை அவர் பெயருக்கே போடு. நான் படித்துச் சொல்கிறேன்.

அத்தை