கரடிக்குக் காலடியில் ஐஸ்

செவ்வாய், இரவு.

கதை சொல்ல வந்த அந்தப் பொம்பளை மேல் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் வெள்ளைக் கரடிப் பொம்மையை ஆட்டி, “பூமி சூடாகுது, பனி உருகுது, கரடிக்கு வீடே இல்லை” என்று மூக்கை உறிஞ்சினாள்.

குருசுக்குப்பத்து ரோசி எழுந்து, “பனி தெனமும் வெயில் வந்தா போயிடுமே மிஸ், கரடி தெனமும் அழுவுமா?” என்று கேட்டாள். மார்கழிப் பனியைத் தவிர அவள் எதைக் கண்டாள்?

பொம்பளை சிரித்தாள். “குப்பத்துப் பசங்களுக்கு இதெல்லாம் ஏறாது” என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னாள்.

பள்ளி விட்டதும் ரோசியிடம், “அது நம்ம பனி இல்லடி, ஐஸ்” என்றேன். அவள் முகமே மாறிவிட்டது.

“ஐயோ மிஸ், ஐஸ் உருகிட்டா எங்கம்மா விக்கிற மீனெல்லாம் நாறிப்போயிடும். கரடி பாவம் மிஸ்.”

அடுத்த வாரமும் வருகிறாளாம். வரட்டும். கதையை ரோசி சொல்வாள். அந்தப் பொம்பளை கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும்.